பொதுவில் வைக்கப்பட்ட கை

விரல்களின்றிப் பிறந்த குழந்தைக்குச் செயற்கைக் கை பொருத்த விரும்பும் பெற்றோரை ஒரு கேள்வி வாட்டுகிறது. குழந்தை வளர்ந்துகொண்டே இருக்கிறது. இன்று பொருத்தும் கை சில காலத்தில் சிறியதாகிவிடும். பெரும்பொருள் செலவிட்டு வாங்கியதை எத்தனை முறை மாற்ற இயலும்? இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் ஒரு தச்சரும் ஒரு பொம்மைக் கலைஞரும் குறிப்பிடத்தக்கவர்கள்.

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரைச் சேர்ந்த தச்சர் ரிச்சர்ட் வான் ஆஸ், 2011ஆம் ஆண்டு மரம் அறுக்கும் இயந்திரத்தில் வலக்கை விரல்கள் சிலவற்றை இழந்தார். சந்தையில் கிடைத்த செயற்கை விரல்களின் விலை அவருக்கு எட்டாததாக இருந்தது. அமெரிக்காவில் ஐவன் ஓவன் என்பவர், விரல்கள் மடங்கும் பெரியதோர் இயந்திரக் கையைச் செய்து அதன் காணொளியை வெளியிட்டிருந்தார். அதைக் கண்ட வான் ஆஸ் அவருடன் தொடர்பு கொண்டார். இருவரும் இணைந்து உழைத்தனர்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில், 19ஆம் நூற்றாண்டில் ஒரு பல் மருத்துவர் ஜான் கோல்ஸ் என்னும் படைவீரருக்குத் திமிங்கில எலும்பு, கப்பி, கயிறு ஆகியவற்றால் செய்தளித்த கையும் அவர்களுக்கு வழிகாட்டியது.

விரல்களின்றிப் பிறந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கும் அவர்கள் கை செய்தனர். பின்னர் மேக்கர்பாட் நிறுவனம் இருவருக்கும் முப்பரிமாண அச்சு இயந்திரங்களை வழங்கியது. ஒருவர் திருத்திய வடிவத்தை மற்றவர் உடனே அச்சிட்டுச் சோதிக்க முடிந்தது. 2013ஆம் ஆண்டு, காப்புரிமை கோராமல் அவ்வடிவத்தைப் பொதுவில் வைத்தனர். அதே ஆண்டு ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்விநிலையத்தின் ஜான் ஷல் தொடங்கிய ‘இ-நேபிள்’ தன்னார்வக் கூட்டமைப்பு, அதனை மேலும் திருத்திப் பல நாடுகளுக்குக் கொண்டு சென்றது.

இக்கையில் மின்கலமோ மின்விசையோ இல்லை. மணிக்கட்டைக் கீழ்நோக்கி மடக்கினால் கயிறுகள் இழுபட்டு விரல்கள் மூடும். நிமிர்த்தினால் மீள்திறன் கொண்ட இழைகள் அவற்றைத் திறக்கும். குழந்தை வளர்ந்ததும் கணினியில் அளவைப் பெருக்கி மீண்டும் அச்சிடலாம். உடைந்த விரலை மட்டும் மாற்றிக்கொள்ளவும் இயலும்.

எனினும் இதன் எல்லைகளை அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது. மணிக்கட்டு நன்கு இயங்குவோருக்கே இவ்வகைக் கை பயன்படும். மணிக்கட்டு இல்லாதோருக்கு முழங்கையால் இயங்கும் வேறு வடிவங்கள் உள்ளன. பந்தையோ குவளையையோ பற்றலாம். பளுவான பொருளைத் தூக்குதல் ஆகாது. அச்சிடப் பயன்படும் நெகிழிகளுள் சில, வெயிலில் நிறுத்திய வாகனத்தின் வெப்பத்திலேயே இளகிவிடும்.

காலுக்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை. ஏனெனில் அது உடலின் எடை முழுவதையும் தாங்குகிறது. ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராமச்சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் 1960களின் இறுதியில் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால் காப்புரிமையால் கட்டுப்படுத்தப்படவில்லை. ஆயினும் அதை ஒருவருக்கு அளவெடுத்துப் பொருத்துவோர் பயிற்சி பெற்ற வல்லுநர்களே. வடிவம் பொதுவானதாயினும் ஒவ்வொருவரின் உடலும் வேறு.

ஆகவே, இத்தகைய கையை நாடும் பெற்றோர் முதலில் மருத்துவரிடம் சில கேள்விகளைக் கேட்டறிதல் நலம். மணிக்கட்டு எவ்வளவு மடங்குகிறது? எஞ்சிய கைப்பகுதியின் தோல் அழுத்தத்தைத் தாங்குமா? நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் அணியலாம்? பொருத்திய பின் தோல் சிவந்தாலோ புண்ணானாலோ கையைக் கழற்றிவிட்டு மருத்துவரைக் காண வேண்டும்.

குழந்தையின் விருப்பத்தையும் கேளுங்கள். செயற்கைக் கை இன்றியே பல வேலைகளைத் திறம்படச் செய்யும் குழந்தைகள் உண்டு. மிதிவண்டியின் கைப்பிடியைப் பற்ற மட்டும் கை வேண்டும் என்று குழந்தை கூறினால், அதுவும் தக்க காரணமே.