ஸ்கூட்டர் ஓட்டுவது சுலபம், நிறுத்துவதுதான் பாடம்

என் அக்கா மகளுக்குச் சோழிங்கநல்லூரில் வேலை கிடைத்திருக்கிறது. வீடு வேளச்சேரியில். தினமும் போக ஒரு சின்ன ஸ்கூட்டர் வாங்கியாகிவிட்டது. "கியர் இல்லாத வண்டிதானே மாமா, இதுல கத்துக்க என்ன இருக்கு?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானதுதான். வலது கையை முறுக்கினால் போகும், சைக்கிள் ஓட்டத் தெரிந்தவருக்கு பேலன்ஸும் அரை மணி நேரத்தில் வந்துவிடும். ஆனால் நாம் கற்றுக்கொள்வது வண்டியைக் கிளப்பத்தான். நிறுத்துவதை யாரும் தனியாகச் சொல்லித் தருவதில்லை. அவளுக்காக எடுத்த குறிப்புகளைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. மணிக்கு 40 கி.மீ. என்றால் விநாடிக்கு 11 மீட்டர். முன்னால் ஒரு ஆட்டோ திடீரென்று நிற்கிறது. கண் பார்த்து, மூளை புரிந்து, கை பிரேக்கை அழுத்த ஒரு விநாடி என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு விநாடியில் வண்டி வேகம் குறையாமல் 11 மீட்டர் போயிருக்கும், கிட்டத்தட்ட ஒரு மாநகரப் பேருந்தின் நீளம். அதன் பிறகுதான் பிரேக்கே வேலை செய்ய ஆரம்பிக்கிறது.

காய்ந்த, நல்ல தார் ரோட்டில் இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடித்தால் விநாடிக்குச் சுமார் 21 கி.மீ. வேகம் குறையும் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். சுதாரிக்கும் தூரத்தையும் சேர்த்து வண்டி நிற்க ஆகும் தூரம்:

20 கி.மீ. வேகத்தில் சுமார் 8 மீட்டர்.
40 கி.மீ. வேகத்தில் சுமார் 21 மீட்டர்.
60 கி.மீ. வேகத்தில் சுமார் 40 மீட்டர்.

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். பிளஸ் டூ இயற்பியலில் படித்ததுதான், ரோட்டில் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

இனி முக்கியமான விஷயம். நம் ஊரில் வண்டி கற்றுக்கொடுக்கும் எல்லோரும் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "முன் பிரேக்கைப் பிடிக்காதே, குப்புற விழுந்துடுவே." பலர் வாழ்நாள் முழுக்க இடது கை பிரேக்கோடு மட்டும் காலம் தள்ளுகிறார்கள். ஸ்கூட்டரில் வலது கை லீவர் முன் சக்கரத்துக்கு, இடது கை பின் சக்கரத்துக்கு.

பேருந்தில் டிரைவர் பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் எல்லோரும் முன்பக்கம் சாய்கிறோம் இல்லையா? ஸ்கூட்டரிலும் அதுதான் நடக்கிறது. பிரேக் பிடித்த உடனே பாரம் முன் சக்கரத்தின் மேல் இறங்குகிறது. முன் டயர் ரோட்டை அழுத்திப் பிடிக்கிறது, பின் டயர் லேசாகிவிடுகிறது. லேசான டயரை எவ்வளவு இறுக்கினாலும் பிடிமானம் கிடைக்காது. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும், வண்டியின் பின்பக்கம் பாம்பு மாதிரி நெளியும்.

பின் பிரேக்கை மட்டும் நம்பினால் பிரேக்கின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். 40 கி.மீ. வேகத்தில் 21 மீட்டரில் நிற்க வேண்டிய வண்டி 32 மீட்டர் போகும். இதை வேறு மாதிரி பார்த்தால்தான் உறைக்கும். இரண்டு பிரேக்கையும் பிடித்தவர் முழுசாக நின்றுவிட்ட அதே இடத்தில், பின் பிரேக் மட்டும் பிடித்தவர் இன்னும் 28 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருப்பார். அந்த இடத்தில் ஒரு லாரியின் பின்பக்கம் இருந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

2019 ஏப்ரலிலிருந்து 125 சிசி வரையிலான புது வண்டிகளில் சிபிஎஸ் அல்லது ஏபிஎஸ் இருக்க வேண்டும் என்பது விதி. சிபிஎஸ் உள்ள ஸ்கூட்டரில் இடது லீவரை அழுத்தினாலே முன் சக்கரத்துக்கும் கொஞ்சம் பிரேக் போகும். அந்தக் 'கொஞ்சம்' அவசரத்துக்குப் போதாது. வலது கையும் சேர வேண்டும்.

குப்புற விழுவோம் என்ற பயம் முழுக்கப் பொய்யும் இல்லை. முன் பிரேக் காலை வாருவது மூன்று சமயங்களில்: வெடுக்கென்று இழுத்தால், ஹேண்டில் திரும்பியிருக்கும்போது பிடித்தால், மணலிலோ ஈரத்திலோ அழுத்திப் பிடித்தால். எலுமிச்சம்பழம் பிழிவது போல, மெதுவாக ஆரம்பித்து அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஹேண்டில் நேராக இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்பவரின் குழு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார்சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டது. அதில் இரண்டு விஷயங்கள் நமக்கு அப்படியே பொருந்தும். அவசரத்தில் பின் பிரேக்கை அதிகமாகவும் முன் பிரேக்கைக் குறைவாகவும் பிடிப்பது அங்கேயும் நடந்திருக்கிறது. இன்னொன்று, விபத்தைத் தவிர்க்க ஓட்டுநருக்குப் பொதுவாகக் கிடைத்த நேரம் 2 விநாடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் யோசிக்க முடியாது. கைக்குப் பழக்கம் இருந்தால் மட்டுமே வேலை நடக்கும்.

அதே அறிக்கை சொல்லும் மற்றொரு உண்மை: மோதிய கார்க்காரர்கள் பலர் வண்டியைப் பார்க்கவே இல்லை, அல்லது பார்த்தபோது நேரம் கடந்துவிட்டது. ஓஎம்ஆரில் யூ-டர்ன் எடுக்கும் காரும், சர்வீஸ் ரோட்டிலிருந்து நுழையும் வேனும் அப்படித்தான். 2017இலிருந்து வரும் வண்டிகளில் ஹெட்லைட் பகலிலும் எரிவது இதற்காகத்தான். "லைட் எரியுது" என்று யாராவது கை காட்டினால் சிரித்துவிட்டுப் போய்க்கொண்டே இரு. யூ-டர்ன் வரும் இடங்களில் ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தி, இரண்டு விரலை பிரேக் லீவர் மேல் வைத்துக்கொள். சுதாரிக்கும் நேரத்தில் கால் விநாடி மிச்சமானாலும் 40 கி.மீ. வேகத்தில் அது கிட்டத்தட்ட 3 மீட்டர்.

சின்ன வண்டிக்கென்று ஒரு தனிக் குறை உண்டு, சக்கரம். பைக்கில் 17, 18 அங்குலம். ஸ்கூட்டரில் பெரும்பாலும் 10 அல்லது 12. பைக் தாண்டிப்போகும் பள்ளத்தில் ஸ்கூட்டர் இறங்கிவிடும். பள்ளத்துக்கு முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, இறங்கும் நேரத்தில் பிரேக்கை விட்டுவிட வேண்டும். மெட்ரோ வேலைக்காகப் போட்டிருக்கும் இரும்புத் தகடு, ரோட்டில் அடித்த வெள்ளைப் பெயின்ட், நீண்ட நாள் வெயிலுக்குப் பின் வரும் முதல் மழை, மூன்றுமே வழுக்கும். அவற்றின் மேல் பிரேக்கும் வேண்டாம், திருப்பமும் வேண்டாம். வேளச்சேரியில் தண்ணீர் தேங்கி நின்றால் அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு பஸ்ஸோ ரயிலோ பார்த்துக்கொள்ளலாம்.

பேருந்துக்கும் நடைபாதைக்கும் நடுவே உள்ள சந்தில் நுழையவே கூடாது. பயணிகள் அந்தப் பக்கம்தான் இறங்குவார்கள், டிரைவருக்கும் நீ தெரியமாட்டாய். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட் வாங்கினால் மட்டும் போதாது, நாடாவை மாட்ட வேண்டும். மாட்டாத ஹெல்மெட் விழும்போது நமக்கு முன்னால் போய்விடும். துப்பட்டாவை முடிச்சுப் போட்டுவிட்டுக் கிளம்பு.

"லேட் ஆயிடும் மாமா" என்பாள். அதற்கும் கணக்கு உண்டு. 14 கி.மீ. தூரத்தை எங்கும் நிற்காமல் 40இல் போனால் 21 நிமிடம், 50இல் போனால் 17 நிமிடம். சிக்னலே இல்லாத கனவு ரோட்டில் கூட மிச்சம் 4 நிமிடம்தான். அலாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் வைத்தால் முடிந்தது.

புதிதாக ஓட்டுகிற எல்லோருக்கும் ஒரே ஒரு வீட்டுப்பாடம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள் இல்லாத, காய்ந்த ரோடு ஒன்றைத் தேடுங்கள். 20 கி.மீ. வேகத்தில் நேராக வந்து இரண்டு பிரேக்கையும் பிழிந்து நிறுத்துங்கள். பத்துத் தடவை. பிறகு 30இல் பத்துத் தடவை. எங்கே பிடித்தோம், எங்கே நின்றோம் என்று சுண்ணாம்புக் கோடு போட்டு அளந்து பாருங்கள். நாலு ஞாயிறு செய்தால் போதும், வலது கை தானாகவே லீவரைத் தேடும். அந்தப் பழக்கம் வந்த பிறகு ஓஎம்ஆருக்குப் போகலாம்.