டான்சில் ஆபரேஷன்: கத்தியா, கரண்டா?

"குழந்தைக்கு உள்நாக்கு வளர்ந்திருக்கிறது, எடுத்துவிட வேண்டுமாம்" என்று கவலைப்படும் தாய்மார்கள் பலர். வளர்ந்திருப்பது உள்நாக்கு அல்ல. குழந்தையை வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். நடுவில் தொங்குவதுதான் உள்நாக்கு. அதன் இரு புறமும் உருண்டையாகத் தெரிகிற சதைகளே டான்சில்கள்.

தொண்டை வலி வந்தாலே அவற்றை எடுத்துவிட வேண்டும் என்பதில்லை. ஒரே வருஷத்தில் 7 தடவை, அல்லது இரண்டு வருஷம் தொடர்ந்து ஆண்டுக்கு 5 தடவை, அல்லது மூன்று வருஷம் ஆண்டுக்கு 3 தடவை கடுமையான தொண்டைப் புண் வந்தால்தான் டாக்டர்கள் ஆபரேஷனைப் பற்றி யோசிப்பார்கள். டான்சில் பெருத்து, தூக்கத்தில் குழந்தை மூச்சுத் திணறினாலும் எடுக்க வேண்டி வரலாம்.

நான்கு முறைகள்

கத்தி, கத்திரியால் பிரித்தெடுப்பது பழைய முறை. ஆபரேஷனின்போது ரத்தம் சற்றுக் கூடுதலாகப் போகும். பிறகு வலி குறைவு. மின்சாரச் சூட்டால் அறுத்தால் அப்போதைய ரத்தப்போக்கு மிகக் குறைவு. ஆனால் பக்கத்துச் சதையும் சுடப்படுவதால் வலி அதிகம். 'கோப்ளேஷன்' என்பது உப்பு நீரும் ரேடியோ அலையும் கொண்டு, 40 முதல் 70 டிகிரி சென்டிகிரேட் சூட்டிலேயே சதையைக் கரைப்பது. நான்காவது முறையில், டான்சிலின் அடியில் மெல்லிய படலம் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். வலி குறைவு, குழந்தை சீக்கிரம் சாப்பிடும். ஆனால் சிலருக்குச் சதை மீண்டும் வளரக்கூடும்.

புதியதெல்லாம் மேலானது என்று எண்ணிவிடாதீர்கள். இங்கிலாந்தில் 2003-04இல் ஆயிரக்கணக்கான நோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள். வெறும் கத்தி முறையைவிட, மின்சார முறையிலும் கோப்ளேஷனிலும் பிந்திய ரத்தப்போக்கு சுமார் மூன்று மடங்கு இருந்தது. எல்லா முறைகளையும் சேர்த்து, நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்கே அப்படி ஆயிற்று. ஆகவே, "உங்களுக்கு நன்றாகக் கைவந்த முறை எது?" என்று டாக்டரிடமே கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

வலி நாளுக்கு நாள் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை அதிகமாகலாம். காதும் வலிக்கும், தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பு போவதே காரணம். புண்ணின் மேல் வெள்ளையாகப் படிவது சீழ் அல்ல. புண் ஆறும்போது உண்டாகும் படலம்.

தொண்டை காய்ந்தால் வலி கூடும். அடிக்கடி தண்ணீர், இளநீர் கொடுங்கள். குழைந்த ரசம் சாதம், இட்லி, தயிர் சாதம் ஏற்றவை. ஐஸ்கிரீமும் கொடுக்கலாம், பயம் வேண்டாம். முறுக்கும் அப்பளமும் இரண்டு வாரம் கண்ணில் படாமலிருக்கட்டும். டாக்டர் சொன்ன வலி மருந்தை வேளை தவறாமல் கொடுங்கள். ஆஸ்பிரின் கூடாது. கோடீன் கலந்த மருந்தும் குழந்தைக்கு ஆபத்து. 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதைக் கடுமையாக எச்சரித்தது.

முக்கியமானது இனிதான். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை, புண்ணின் பொருக்கு உதிரும்போது ரத்தம் கசியலாம். எச்சிலில் புது ரத்தம் தெரிந்தாலும், குழந்தை கறுப்பாக வாந்தி எடுத்தாலும், தூக்கத்தில் ஓயாமல் எதையோ விழுங்கிக்கொண்டிருந்தாலும் பொழுது விடியட்டும் என்று காத்திராதீர்கள். நடுநிசியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். எந்த முறையில் ஆபரேஷன் செய்திருந்தாலும், அந்த நாட்களில் இரவில் ஓரிரு தடவை எழுந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வது அவசியம்.