கைமாறிய தொழிலகமும் கைவந்த பயிற்சியும்

தொழிலகமொன்று ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறும்பொழுது நிலமும் கட்டடமும் பொறிகளும் உறுதி எழுதிய அன்றே மாறிவிடுகின்றன. அங்குத் தொழில்புரிவோரின் பழக்கமும் மனப்பாங்குமோ அவ்வாறு ஒருநாளில் மாறுவனவல்ல. புதிய முகாமையின் தொழில்முறையை அவர்கள் பயில்வது எங்ஙனம்? விளக்க நூல்களை அனுப்பினாற் போதுமா? அன்றித் தொழிலாளரையே கடல்கடந்து அழைத்துச் செல்லல் வேண்டுமா? அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில், பிறீமொன்ற் நகரிலிருந்த மோட்டார் வண்டித் தொழிலகத்தின் வரலாறு இவ்வினாக்களுக்குத் தக்க விடை தருகின்றது.

அத்தொழிலகம் ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனிக்குரியது. முகாமைக்கும் தொழிற்சங்கத்துக்குமிடையே ஓயாப் பிணக்கு நிலவிற்று. நாள்தோறும் ஏறத்தாழ ஐவருள் ஒருவர் வேலைக்கு வாராதிருந்தனர் என்பர். 1982இல் அது மூடப்பட்டது. மறு ஆண்டில் ஜெனரல் மோட்டோர்சும் யப்பானிய ரொயோட்டாக் கம்பனியும் உடன்பட்டு, 'நூமி' எனச் சுருக்கமாக வழங்கிய கூட்டு நிறுவனத்தை அமைத்தன. கட்டடத்தை முன்னது கொடுத்தது; நடத்தும் பொறுப்பைப் பின்னது ஏற்றது. தொழிற்சங்கம் பழையதே, சேர்த்துக்கொள்ளப்பட்ட தொழிலாளருட் பெரும்பாலாரும் பழையவரே. மாறியது முகாமையும் தொழில்முறையுமே.

உற்பத்தி தொடங்குமுன், ஏறத்தாழ 450 குழுத்தலைவர்கள் சில வாரப் பயிற்சிக்காக யப்பானிலுள்ள ரொயோட்டா நகருக்குத் தொகுதி தொகுதியாக அனுப்பப்பட்டனர். கொரொல்லா வண்டிகளை ஆக்கிய தக்காவோக்காத் தொழிலகத்தில், வகுப்பறையிற் கேட்டதை அவர்கள் யப்பானியத் தொழிலாளரின் அருகில் நின்று செய்து பழகினர். ஒருவர் மொழியை ஒருவர் அறியார். ஆயினும் கையைக் கண்டு கை கற்றது.

அங்கு அவர்கள் கண்டவற்றுள் வியப்பு மிக்கது ஒரு கயிறு. பழைய பிறீமொன்றில், யாது நேரினும் வண்டி வரிசை நிற்றலாகாது என்பது விதி; குறையுள்ள வண்டியும் நகர்ந்தே சென்றது. தக்காவோக்காவிலோ இடர்ப்பட்ட தொழிலாளி எவரும் தலைமேலுள்ள கயிற்றை இழுக்கலாம். உடனே விளக்கு எரியும், இசை ஒலிக்கும், குழுத்தலைவர் வந்து உதவுவார். குறித்த எல்லைக்குள் குறை தீராவிடின் வரிசை நிற்கும். கயிற்றை இழுத்தவரை எவரும் கடிந்துகொள்வதில்லை. இச்செய்தியை ஏட்டிற் படித்திருப்பின், முகாமையோடு பன்னாள் பகைத்திருந்தோர் அதனை எளிதில் நம்பியிரார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பது நம்மவர் பழமொழி. கண்ணாற் கண்டமையே அவர்களுக்கு நம்பிக்கையைத் தந்தது; பயணச் செலவின் பெரும்பயன் அதுவே.

திரும்பியோர் பிறர்க்கு ஆசிரியராயினர். யப்பானியப் பயிற்றுநரும் பிறீமொன்றுக்கு வந்து உடன்நின்றனர். அவர்கள் கைக்கொண்ட கற்பிக்கும் முறை நான்கு படிகளையுடையது: கற்போனை ஆயத்தப்படுத்தல், வேலையைச் செய்து காட்டல், அவனைக் கொண்டே செய்வித்தல், பின்னரும் தொடர்ந்து கவனித்தல். மாணாக்கன் கற்கவில்லையெனின் குறை கற்பித்தவனதே என்பது அதன் அடிப்படை. இம்முறை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவிலேயே தோன்றி, போரின் பின் யப்பானுக்குச் சென்றதாகும். தான் மறந்த பாடத்தையே அமெரிக்கா கடல்கடந்து சென்று மீளக் கற்றது.

1984 திசெம்பரில் முதல் வண்டி வெளிவந்தது. சில ஆண்டுகளுள் அதன் தரம் தக்காவோக்காவின் தரத்தை நெருங்கியது. வேலைக்கு வாராதோர் தொகை நூற்றுக்கு இரண்டளவாகக் குறைந்தது என்பர். 1988 அளவில் விற்பனை தளர்ந்தபொழுதும் எவரையும் வேலைநீக்கஞ் செய்யாது, கிடைத்த ஓய்வுநேரத்தை முகாமை மேலும் பயிற்சிக்கே செலவிட்டது. சொல்லிக் கொடுத்ததைத் தானும் கைக்கொண்டமையாலேயே அது தொழிலாளர் நம்பிக்கையைப் பெற்றது.

ஆயினும் இதே பாடத்தை ஜெனரல் மோட்டோர்ஸ் தன் பிற தொழிலகங்களிற் பரப்ப நெடுங்காலம் இடர்ப்பட்டது. நூமியிற் பயின்ற முகாமையாளர் பலர் தனித்தனியே வெவ்வேறிடங்களுக்குச் சிதறினர். தனித்துச் சென்ற ஒருவர் தம்மைச் சூழ்ந்த பழைய வழக்கத்தை எவ்வாறு மாற்றுதல் கூடும்? அதே மாநிலத்து வான்நைஸ் தொழிலகத்திற் புதுமுறையைப் புகுத்த முயன்றபொழுது, தொழிலாளரும் மேற்பார்வையாளரும் அதனை ஐயுற்றனர். அத்தொழிலகம் 1992இல் மூடப்பட்டது. 2009இல் ஜெனரல் மோட்டோர்ஸ் முறிவுற்றுக் கூட்டிலிருந்து விலக, 2010இல் நூமியும் மூடப்பட்டது. நற்பயிற்சி ஒன்றே ஒரு நிறுவனத்தை என்றும் காக்கும் என்பதற்கில்லை.

எனினும், ஆகாதவர் என ஒதுக்கப்பட்ட அதே மாந்தர், முறையாகக் கற்பிக்கப்பட்டபொழுது செம்மையான தொழிலாளராயினர் என்னும் உண்மை அழியாது. குறை மாணாக்கரிடத்ததா, கற்பித்த முறையிடத்ததா என வினவுதல் தொழிலகத்தார்க்கு மட்டுமன்றி, கல்லூரியிற் கற்பிக்கும் நமக்கும் உரிய கடனாகும்.