கடலடியை ஓட வைக்கும் குளிர்காற்று



விதை நெல்லை உப்புத் தண்ணியில் போட்டுத் தேர்ந்தெடுப்பது உங்களுக்குப் பழக்கமான வேலைதான். கரைசல் சரியா இருக்கான்னு பார்க்க அதில் ஒரு முட்டையை விடுவோம். நல்ல தண்ணியில் முழுகுகிற முட்டை உப்புத் தண்ணியில் மிதக்கும். உப்புச் சேரச் சேரத் தண்ணிக்குக் கனம் கூடும் என்பதுதான் காரணம். உலகத்தின் தென்கோடியில் நடக்கும் ஒரு பெரிய காரியத்துக்கும் இதுவே அடிப்படை.

அண்டார்டிகாவில், ராஸ் கடலோரம் டெரா நோவா விரிகுடா இருக்கிறது. அங்கே ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை குளிர்காலம். உள்ளே இருக்கும் பனி மேட்டில் குளிர்ந்து கனத்த காற்று, சரிவில் இறங்கிக் கடலை நோக்கிப் பலமாக வீசும். 1912-ல் கப்பல் வந்து சேராமல் அங்கே மாட்டிக்கொண்ட ஆறு பேர், பனியைக் குடைந்து அந்தக் குகைக்குள்ளேயே குளிர்காலத்தைக் கழித்தார்கள்.

இந்தக் காற்று, கடல் மேல் உறைகிற பனிக்கட்டியை அப்பால் தள்ளிவிடும். திறந்த தண்ணீர் மறுபடி உறையும். காற்று மறுபடி தள்ளும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. உறையும்போது அதில் பெரும்பகுதி கட்டியில் சேராமல் கீழேயுள்ள தண்ணீரில் தங்கிவிடும். குளிரும் உப்பும் சேர்ந்து கனத்த அந்தத் தண்ணீர் முழுகி, கடலடிச் சரிவில் இறங்கி, 4000 மீட்டர் ஆழத்துக்குப் போய், இந்துமாக்கடல், பசிபிக் கடல்களின் அடியில் பரவும். கூடவே பிராணவாயுவையும் கொண்டுபோகும். கோடை வந்து உறைவது நின்றால், கனத்த நீர் உண்டாவதும் நின்றுபோகும்.

காற்று மாறினால் என்ன ஆகும்? அண்டார்டிகாவின் இன்னொரு பக்கம் வெடல் கடல். அங்கே வடக்குக் காற்றின் போக்கு கூடி, பனிக்கட்டியைக் கரைப்பக்கமே ஒதுக்கியது. திறந்த தண்ணீர் குறைந்தது. புதிதாக உறைவதும் குறைந்தது. 1992-க்குப் பிறகு அங்கே அடிக்கடலின் கனத்த நீர் சுமார் 30 சதவீதம் சுருங்கிவிட்டதாக 2023-ல் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள்.

இது நீடித்தால் ஆழத்துக்குப் பிராணவாயு குறையும். கடலடி சூடேறித் தண்ணீர் விரியும். கடல் மட்டம் உயரும். மேலே வீசும் காற்று திசை மாறினால், நாலு கிலோமீட்டர் ஆழத்திலும் கணக்கு மாறிவிடுகிறது, பார்த்தீர்களா? அந்த நஷ்டம் எல்லாக் கரைக்கும் பொதுதான்.