விவாகரத்து முடிந்தது, ஈடு நின்றது

இந்த வருடம் மாசி மாதத்தில் மேற்கு லண்டனில் இருந்து ஓர் அக்கா தொலைபேசியில் அழைத்தார். வீட்டை விற்பதற்கு ஆயத்தங்கள் நடந்துகொண்டிருந்தன. வாங்குபவரின் சட்டத்தரணி காணிப் பதிவேட்டை எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். "தம்பி, என்ர வீட்டில ஆரோ ஈடு வைச்சிருக்கினமாம். வங்கிக் கடனை நான் எப்பவோ கட்டி முடிச்சிட்டன். வேற ஒருத்தரிட்டயும் நான் ஒரு சதம் வாங்கேல்ல."

நீதிமன்றங்களிலும் சட்டத்தரணி அலுவலகங்களிலும் மொழிபெயர்ப்பாளராக நெடுங்காலம் வேலை செய்தவன் நான். அவர் அனுப்பிய பக்கத்தைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. ஈடு வைத்திருந்தது வங்கியல்ல, அரசின் சட்ட உதவி நிறுவனம். 2007ஆம் ஆண்டு அவருடைய விவாகரத்து வழக்கிற்கு ஆன 12,000 பவுண் செலவு அந்த வீட்டின் மேல் பதியப்பட்டிருந்தது.

"அது இலவசம் எண்டுதானே சொன்னவை?" என்று கேட்டார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் அப்படித்தான் விளங்கிக்கொண்டார். ஏன் அப்படி விளங்கிக்கொண்டார் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஆட்களில் பலர் அப்படித்தான் விளங்கி வைத்திருக்கிறார்கள்.

போரால் ஓடிவந்தவர்களில் பெரும்பாலானோர் இங்கிலாந்தில் முதன்முதலாகச் சட்டத்தரணியைச் சந்தித்தது அகதித் தஞ்ச வழக்கிற்காக. அந்த வழக்கிற்குச் சட்ட உதவி கிடைத்தது, முடிந்ததும் ஒருவரும் காசு கேட்கவில்லை. தஞ்ச வழக்கில் வென்றால் கிடைப்பது வதிவிட அனுமதி, சொத்து அல்ல. ஆகவே திருப்பி எடுக்க அங்கே எதுவும் இல்லை. விவாகரத்து வழக்கு அப்படியல்ல. இங்கிலாந்திலும் வேல்சிலும் சட்ட உதவியோடு நடக்கும் ஒரு வழக்கில் நீங்கள் ஒரு சொத்தைப் பெற்றாலோ, உங்களிடம் இருந்த சொத்தை மற்றவர் கேட்க நீங்கள் காப்பாற்றிக்கொண்டாலோ, செலவான பணம் அந்தச் சொத்தின் மேல் சட்டப்படி ஏறிவிடும். இன்று இது 2012ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் இருக்கிறது. முந்திய சட்டங்களிலும் இதே ஏற்பாடு இருந்தது.

'காப்பாற்றுதல்' என்ற சொல்தான் பலருக்கு விளங்குவதில்லை. வீடு முதலிலிருந்தே உங்கள் பெயரில் இருக்கலாம். கணவர் பாதி கேட்டு, நீதிமன்றம் இல்லையென்று சொன்னால், புதிதாக ஒன்றும் உங்கள் கைக்கு வரவில்லை. ஆனாலும் சட்டத்தின் பார்வையில் நீங்கள் அந்தப் பாதியைக் காப்பாற்றியிருக்கிறீர்கள், அதன் மேல் செலவு ஏறும். அந்தப் பங்கைப் பற்றிப் பிணக்கே இருக்கவில்லை என்றால் ஏறாது. மாதாமாதம் வரும் பராமரிப்புப் பணத்திலும் கை வைக்க மாட்டார்கள்.

இது எங்களுக்கென்று வந்த கொடுமை அல்ல. 1980இல் பிரபுக்கள் சபை வரை போன ஒரு வழக்கில், தாதியாக வேலை செய்த ஓர் ஆங்கிலப் பெண்ணுக்கு வீடு கிடைத்தது. அந்த வீட்டில் கடன் போக மிஞ்சிய பெறுமதி சுமார் 10,000 பவுண். அவருடைய வழக்குச் செலவோ 8,000 பவுணைத் தாண்டியிருந்தது. வீட்டின் மேல் அந்தச் செலவு ஏறும் என்றுதான் தீர்ப்பு வந்தது. எனக்கு அந்த வழக்கை நினைக்கும்போதெல்லாம், யார் வென்றார் என்ற கேள்விதான் வரும்.

அந்த வீட்டில் நீங்களோ பிள்ளைகளோ குடியிருந்தால், பணத்தை உடனே கேட்காமல் பொறுத்திருக்கச் சம்மதிப்பார்கள். அதற்குப் பதிலாகக் காணிப் பதிவகத்தில் ஈடு பதிவார்கள். எங்கள் ஊரில் காணி உறுதியை ஈடு வைப்பது போலத்தான், ஆனால் கையில் காசு வாங்காமல் வைக்கும் ஈடு. பதிந்த நாளிலிருந்து வருடத்திற்கு 8 சதவீத வட்டி ஓடும். வட்டிக்கு வட்டி இல்லை, தனிவட்டி. இருந்தும் கணக்கைப் பாருங்கள். 12,000 பவுணுக்கு வருட வட்டி 960 பவுண். 18 வருடத்தில் வட்டி மட்டும் 17,280. அக்கா கட்ட வேண்டியிருந்தது மொத்தம் 29,280 பவுண்.

2007இல் கையெழுத்து வைத்தது அவருக்கு மங்கலாக நினைவிருக்கிறது. சட்டத்தரணி விளக்கியிருக்கிறார், அது அவருடைய கடமை. விளக்கியதைத் தமிழில் சொன்னது அவருடைய மகன். அப்போது அவனுக்குப் பதின்மூன்று வயது. தாயின் விவாகரத்தைத் தாய்க்கு மொழிபெயர்த்த பிள்ளை எதைச் சொன்னான், எதை விட்டான் என்று நான் கேட்கவில்லை. பிறகு வந்த கடிதங்களை, ஆட்கள் கண்டால் வெட்கம் என்று, அக்கா அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

வருடங்கள் போனதால் ஈடு தானாக விழுந்துவிடும் என்று நம்பி இருக்க வேண்டாம். கட்டும்வரை பதிவில் நிற்கும், விற்கும்போது விற்ற காசிலிருந்து எடுக்கப்படும். வீட்டுக்காரர் இறந்தாலும் கடன் வீட்டோடுதான் இருக்கும். லண்டன் வீட்டில் பங்கு வரும் என்று யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ காத்திருக்கும் உறவினர்களும் இதைத் தெரிந்திருப்பது நல்லது. சந்தேகம் இருந்தால் இங்கிலாந்துக் காணிப் பதிவகத்தின் இணையத்தளத்தில் 7 பவுண் கட்டி உங்கள் வீட்டின் பதிவேட்டை எடுத்துப் பார்க்கலாம். அதில் மூன்றாவது பகுதியில்தான் ஈடுகள் இருக்கும்.

இருப்பது தெரிந்தால், விற்கும் நாள்வரை காத்திருக்கத் தேவையில்லை. இடையிலேயே பகுதி பகுதியாகக் கட்டலாம். ஆனால் கட்டும் காசு முதலில் வட்டிக்குப் போகும், அது தீர்ந்த பிறகுதான் முதல் குறையும். ஆகவே ஆரம்ப வருடங்களில் கட்டுவதுதான் இலாபம். வேறு வீடு வாங்கி மாறுவதென்றால் ஈட்டைப் புதிய வீட்டிற்கு மாற்றும்படி கேட்கலாம், சம்மதிப்பதும் விடுவதும் அவர்கள் கையில். வழக்கு இப்போது நடந்துகொண்டிருப்பவர்கள் சட்டத்தரணியின் செலவுப் பட்டியலைக் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும். வீட்டிலிருந்து கட்டப்போவது நீங்கள் என்பதால், தொகை கூட என்று ஆட்சேபிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 2013க்குப் பிறகு விவாகரத்துச் சொத்து வழக்குகளுக்குச் சட்ட உதவி கிடைப்பது மிகவும் குறைந்துவிட்டது. பெரும்பாலும் குடும்ப வன்முறைக்குச் சான்று உள்ளவர்களுக்கே கிடைக்கிறது. அப்படி அடிபட்டு வெளியேறி வரும் பெண்தான் இந்த ஈட்டிலும் கையெழுத்து வைக்கிறாள்.

அக்காவின் திட்டம், வீட்டை விற்று மகனுக்கு ஒரு பங்கு கொடுத்துவிட்டு, கிளிநொச்சியில் தனியாக இருக்கும் தாயோடு போய் இருப்பது. "இந்த ஈட்டை கிளிநொச்சி வீட்டுக்கு மாத்தேலாதோ?" என்றும் கேட்டார். இங்கிலாந்துப் பதிவகத்தில் பதிய வேண்டிய ஈடு அது, கிளிநொச்சிக் காணி அதற்குள் வராது என்று சொன்னேன். பழைய செலவுப் பட்டியலையும் வட்டிக் கணக்கையும் எழுதிக் கேட்டு எடுத்தோம். பிழை எதுவும் இல்லை.

ஐப்பசியில் விற்பனை முடிந்தது. 29,000 சொச்சம் பவுண் கழிந்தது. மகனின் பங்கில் கை வைக்க அவருக்கு விருப்பமில்லை. ஷெல் விழுந்து இடிந்த கிணற்றைக் கட்டுவதையும் பின்பக்கம் இரண்டு அறை போடுவதையும் பிறகு பார்ப்போம் என்று கிளிநொச்சிக்குச் சொல்லிவிட்டார்.