விளையாட்டுக் கணிப்பொறி: எந்தப் பாகத்துக்கு எவ்வளவு பணம்?

சுந்தரபாண்டியத்தில் கைத்தறி ஓடும் வீடு ஒன்றினுள் எட்டிப் பாருங்கள். தறியில் ஒருவர் நெய்துகொண்டிருப்பார். சற்றுத் தள்ளி அமர்ந்து இன்னொருவர் ராட்டையில் ஊடை நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருப்பார். நெய்பவர் எவ்வளவுதான் கைத்திறன் உள்ளவராக இருந்தாலும், தார் வந்து சேராவிட்டால் நாடா ஓடாது; தறி நின்றுவிடும். அப்போது நெய்பவருக்கு இன்னும் விலையுயர்ந்த தறி ஒன்று வாங்கிக் கொடுத்தால் சேலை சீக்கிரம் முடியுமா? முடியாது. இன்னொரு ராட்டை வாங்குவதுதான் பயன் தரும்.

இதே உண்மைதான் கணிப்பொறிக்கும் பொருந்தும். இதை மறந்துவிடுவதால்தான், குறைந்த பணத்தில் விளையாட்டுக் கணிப்பொறி பூட்ட நினைக்கும் பலர் ஏமாற்றம் அடைகிறார்கள்.

உங்களில் சிலர் வீட்டில் கேட்டிருப்பீர்கள். அப்பாவும் அம்மாவும் சீட்டுப் பணத்தையோ தீபாவளி போனஸையோ இதற்கென்று ஒதுக்க ஒப்புக்கொண்டிருக்கலாம். அந்தப் பணம் ஒரு முறைதான் வரும். தவறான பாகத்தில் போட்டுவிட்டால், அடுத்த வாய்ப்புக்குச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். எனவே கடைக்குப் போகுமுன் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம்?

திரையில் ஓடும் ஆட்டம் உண்மையில் ஓடுவதில்லை. சினிமாவைப் போலவே, தனித்தனிப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக வந்து போகின்றன. இப்படி வரும் ஒவ்வொரு படத்தையும் ஃபிரேம் என்பார்கள். விநாடிக்கு 60 ஃபிரேம் வந்தால் ஆட்டம் தடங்கலின்றி வழுக்கிக்கொண்டு போவதாகத் தோன்றும். அப்படியானால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 1000 ÷ 60, அதாவது சுமார் 16.7 மில்லி விநாடிதான்.

இந்தச் சிறு பொழுதுக்குள் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஒருவர் பிராசசர். பந்து எங்கே விழும், எதிரி எந்தப் பக்கம் திரும்புவான், நீங்கள் அழுத்திய பொத்தானுக்கு என்ன நடக்க வேண்டும் என்பதையெல்லாம் கணக்கிடுபவர் இவர். இன்னொருவர் கிராபிக்ஸ் கார்டு. பிராசசர் சொன்னபடி படத்தைப் புள்ளி புள்ளியாக வரைபவர். பிராசசருக்குள் கெட்டிக்காரக் கணக்கர்கள் ஒரு சிலரே இருப்பார்கள். இவர்களுக்குக் கோர் என்று பெயர். 2022-இல் வந்த இன்டெல் ஐ3-12100 என்ற பிராசசரில் 4 கோர்கள் உள்ளன. ஆனால் 2021-இல் வந்த ஏ.எம்.டி. ஆர்.எக்ஸ். 6600 என்ற கிராபிக்ஸ் கார்டில் 1,792 சிறு கணக்கிடும் அலகுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எளிய வேலையைத்தான் செய்யும். ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் செய்யும்.

இப்போது ஒரு கணக்கு. ஓர் ஆட்டத்தில் ஒரு ஃபிரேமுக்குப் பிராசசர் 10 மில்லி விநாடியும், கிராபிக்ஸ் கார்டு 25 மில்லி விநாடியும் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். கார்டு ஒரு படத்தை வரையும்போதே பிராசசர் அடுத்த படத்துக்கான கணக்கை முடித்துவிட்டுக் காத்திருக்கும். ஆகவே 25 மில்லி விநாடிக்கு ஒரு படம் வெளிவரும். விநாடிக்கு 40 படம். இனி, கூடுதல் விலை கொடுத்து 5 மில்லி விநாடியில் முடிக்கும் பிராசசரைப் பூட்டுகிறீர்கள். விநாடிக்கு எத்தனை படம்? அதே 40 தான்! அந்தப் பணத்தைக் கார்டில் போட்டு, அது 16 மில்லி விநாடியில் வரையுமாறு செய்திருந்தால் 62 படம் கிடைத்திருக்கும். மெதுவானவர் யாரோ அவருடைய வேகம்தான் எல்லோருடைய வேகமும்.

முதலில் திரை, பிறகு கார்டு

கார்டின் வேலை எவ்வளவு என்பதைத் திரை முடிவு செய்கிறது. 1920 × 1080 அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. விநாடிக்கு 60 படம் என்றால் சுமார் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் தீட்ட வேண்டும். இதுவே 3840 × 2160 அளவுள்ள 4கே திரையானால் புள்ளிகள் நான்கு மடங்கு. எனவே குறைந்த பணத்தில் பூட்டுபவர்கள் 1080 திரையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எந்த ஆட்டம் என்பதும் முக்கியம். வாலரன்ட் போன்ற போட்டி ஆட்டங்கள் எளிய கார்டிலும் நன்றாக ஓடும். அங்கே பிராசசரின் கைதான் ஓங்கியிருக்கும். பெரிய நிலப்பரப்பைக் காட்டும் கதை ஆட்டங்களில் கார்டுதான் திணறும். கார்டிலேயே உள்ள நினைவகத்தையும் பாருங்கள். இப்போதைய பெரிய ஆட்டங்களுக்கு 4 ஜிபி போதாமல் போகிறது. 8 ஜிபி இருந்தால் நல்லது.

கார்டு வாங்கப் பணம் போதவில்லையா? கவலை வேண்டாம். பிராசசருக்குள்ளேயே ஓரளவு நல்ல கிராபிக்ஸ் அமைந்தவையும் உண்டு. 2021-இல் வந்த ரைசன் 5 5600ஜி அப்படிப்பட்டது. இதைப் பூட்டி எளிய ஆட்டங்களை ஆடலாம். பணம் சேர்ந்தபின் கார்டு செருகிக்கொள்ளலாம். ஆனால் பெயரின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். இன்டெல் பிராசசரின் பெயர் எஃப் என்று முடிந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இல்லாவிட்டால் திரையில் எதுவுமே தெரியாது.

பெயரைப் பார்த்து மயங்காதீர்கள்

"ஐ7 பிராசசர், 16 ஜிபி ரேம், மலிவு விலை" என்ற விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். ஐ7 என்றால் ஐ3-ஐ விடச் சிறந்தது என்று நினைக்கத் தோன்றும். எந்த ஆண்டின் ஐ7 என்று கேளுங்கள். 2011-இல் வந்த ஐ7-2600-க்கும் 4 கோர். 2022-இன் ஐ3-12100-க்கும் 4 கோர். ஆயினும் புதிய ஐ3 மிக எளிதாக முந்திவிடும். மின்சாரமும் குறைவாகவே குடிக்கும். ஒரு துடிப்பில் அது செய்து முடிக்கும் வேலை அதிகம். மேலும், பழைய ஐ7-ஐ விண்டோஸ் 11 ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஐ7 என்பது குடும்பப் பெயர். அதற்குப் பின்னால் வரும் எண்தான் வயதைச் சொல்லும்.

பொருந்துமா, பொருந்தாதா?

பிராசசரும் ரேமும் கார்டும் அமரும் பலகை மதர்போர்டு. இதில் அழகைவிடப் பொருத்தமே முக்கியம். ரைசன் 5 5600ஜி அமர ஏ.எம்.4 என்ற பொருத்துவாய் வேண்டும், அதற்கு டி.டி.ஆர்.4 ரேம்தான். ஐ3-12100 அமர எல்.ஜி.ஏ. 1700 வேண்டும். இதற்கான எச்610 போர்டுகளில் டி.டி.ஆர்.4 ஏற்பவையும் உண்டு, டி.டி.ஆர்.5 ஏற்பவையும் உண்டு. இரண்டு வகை ரேமிலும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் வாயில் மற்றொன்று நுழையாது. வாங்குமுன் படித்துப் பாருங்கள்.

ரேமை ஒரே 16 ஜிபி அட்டையாக வாங்குவதைவிட இரண்டு 8 ஜிபி அட்டையாக வாங்குவது மேல். ஏன்? பிராசசருக்கும் ரேமுக்கும் இடையே இரண்டு பாதைகள் உண்டு. டி.டி.ஆர்.4-3200 ரேம் ஒரு பாதையில் விநாடிக்கு 25.6 ஜிகாபைட் தரும். இரண்டு அட்டை போட்டால் இரண்டு பாதையும் திறந்து 51.2 ஆகும். தனிக் கார்டு இல்லாத கணிப்பொறிக்கு இது பெரிய வேறுபாடு. படம் வரையும் பகுதியும் அதே ரேமைத்தானே பயன்படுத்துகிறது!

ஆட்டங்களைச் சேமிக்க எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். பழைய ஹார்டு டிஸ்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை, அதாவது விநாடிக்கு 120 முறை சுழல்கிறது. வேண்டிய இடம் ஊசிக்கு நேராக வர, சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். அதற்கே 4 மில்லி விநாடிக்கு மேல் ஆகிவிடும். எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவுமில்லை. ஆனால் ஒன்று: எஸ்.எஸ்.டி. ஆட்டத்தைச் சீக்கிரம் திறக்கும், ஃபிரேம்களைக் கூட்டாது. எனவே விலையுயர்ந்த அதிவேக வகையைத் தேடாமல், கொள்ளளவைப் பாருங்கள். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 என்ற ஆட்டம் ஒன்றுக்கே 150 ஜிபி இடம் வேண்டும்.

சிக்கனம் கூடாத ஓர் இடம்

எல்லோரும் கடைசியில் மிச்சம் பிடிக்கும் பாகம் ஒன்று உண்டு. அதுதான் எஸ்.எம்.பி.எஸ்., அதாவது மின்வழங்கி. சுவரில் வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 12 வோல்ட் போன்ற நேர்மின்சாரமாக்கித் தருவது இதன் வேலை. இது கெட்டால் தான் மட்டும் கெடாது. கார்டையும் போர்டையும் சேர்த்துக் கெடுத்துவிடக்கூடும்.

ஐ3-12100-உம் ஆர்.எக்ஸ். 6600-உம் உள்ள கணிப்பொறியைப் பார்ப்போம். பிராசசர் உச்ச வேலையில் 89 வாட். கார்டு 132 வாட். மற்றவற்றுக்கு 50 வாட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 271 வாட். தரமான 450 வாட் மின்வழங்கி போதும். ஆனால் பெட்டியின் மேல் பெரிதாக எழுதிய எண்ணை நம்பாதீர்கள். பக்கவாட்டில் ஒட்டியுள்ள சீட்டைப் படியுங்கள். 12 வோல்ட்டுக்கு நேரே 36 ஆம்பியர் என்றிருந்தால் 12 × 36 = 432 வாட்; இது நேர்மையானது. 16 ஆம்பியர் என்றிருந்தால் 192 வாட்தான்! மேலே என்ன எழுதியிருந்தால் என்ன? "80 பிளஸ்" முத்திரையும் இருக்கட்டும். வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியை வீணாக வெப்பமாக்காமல் தருகிறது என்பதற்கு அது சான்று. வீட்டு மின்இணைப்பில் எர்த் சரியாக இருக்கிறதா என்பதையும் ஓர் எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துவிடுங்கள்.

பஞ்சும் வெயிலும்

நம் பகுதிக்கே உரிய எதிரிகள் இரண்டு பேர். ஒருவர் கோடை வெயில். மற்றவர் பஞ்சுத் துகள். தறி ஓடும் வீட்டிலும், நூற்பாலைகள் நிறைந்த ராஜபாளையம் பக்கத்திலும் காற்றில் மிதக்கும் நுண்ணிய பஞ்சு, பிராசசரின் மேலுள்ள உலோகத் தகடுகளுக்கு இடையில் அடைத்துக்கொள்ளும். காற்று போகாவிட்டால் வெப்பம் வெளியேறாது. அப்போது பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய வேகம் பஞ்சினால் போய்விடும்! எனவே வண்ண விளக்குகள் மின்னும் கேபினட்டைவிட, முன்பக்கம் வலைக்கண்ணும் கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டியும் உள்ள எளிய கேபினட்டே மேல். மாதம் ஒரு முறை, இணைப்பைத் துண்டித்துவிட்டு, மென்மையான தூரிகையால் சுத்தம் செய்யுங்கள்.

பழைய கார்டு வாங்கலாமா?

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் புதிய பாகங்களும் பழைய பாகங்களும் கிடைக்கும். பழைய கார்டு நல்ல லாபம்தான். ஆனால் 2022 செப்டம்பர் வரை, எதீரியம் என்ற மின்நாணயத்துக்காகக் கார்டுகளை இரவும் பகலும் ஓட்டி வந்தார்கள். அந்த நாணயத்தின் முறை மாறியதும் அப்படி உழைத்த கார்டுகள் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. பழைய கார்டுக்குப் புதிய பெயர் காட்டுமாறு செய்து விற்பவர்களும் உண்டு. எனவே உங்கள் கண் முன்னே, ஓர் ஆட்டத்தை அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பில் கேளுங்கள். மின்வழங்கியை மட்டும் பழையதாக வாங்காதீர்கள்.

நூறு ரூபாய்க் கணக்கு

விலைகள் மாறிக்கொண்டே இருக்கும். 2025-இன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் ரேம் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. ஆகவே ரூபாயை மனப்பாடம் செய்யாமல் பங்கை நினைவில் வையுங்கள். திரை, விசைப்பலகை, மவுஸ் நீங்கலாக உங்களிடம் 100 ரூபாய் இருந்தால் ஏறத்தாழ இப்படிப் பிரிக்கலாம்: கிராபிக்ஸ் கார்டு 37, பிராசசர் 17, மதர்போர்டு 13, ரேம் 10, மின்வழங்கி 9, எஸ்.எஸ்.டி. 8, கேபினட் 6. ரேம் விலை ஏறியிருக்கும் நாளில் கார்டிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள். மின்வழங்கியின் 9-இல் கை வைக்காதீர்கள்.

செய்து பாருங்கள்

நண்பர் வீட்டுக் கணிப்பொறியில் ஓர் ஆட்டத்தைத் திறந்து, விநாடிக்கு எத்தனை ஃபிரேம் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆட்டத்தின் அமைப்பில் திரையளவை 1920 × 1080-இலிருந்து 1280 × 720-ஆகக் குறையுங்கள். புள்ளிகள் பாதிக்கும் கீழே வந்துவிடும். இப்போது ஃபிரேம் நன்றாக ஏறினால், அதுவரை திணறியது கார்டு. ஏறவே இல்லையென்றால், திணறுவது பெரும்பாலும் பிராசசர். ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல், அடுத்த பணத்தை எதில் போட வேண்டும் என்று கண்டுபிடித்துவிட்டீர்கள் அல்லவா?

கடைக்காரர் எந்தப் பாகத்தைப் புகழ்ந்தாலும் ஒரு கேள்வியை மட்டும் மனத்துக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்: "நிற்பது தறியா, ராட்டையா?" விடை தெரிந்தபின் பணத்தை எடுங்கள்.