தென்னையின் இரு பகைகள்

“மரத்தில் வண்டு விழுந்துவிட்டது” என்று உழவர் முறையிடும்போது, எந்த வண்டு என்று தெளிவதே களப்பணியாளரின் முதற்கடமையாகும். காண்டாமிருக வண்டு வேறு. சிவப்புக் கூன்வண்டு வேறு. ஒன்றுக்குரிய பரிகாரம் மற்றொன்றுக்குப் பயன்படாது; மரமும் வீணாகும்.

காண்டாமிருக வண்டு கருநிறமும் தலையில் கொம்பும் உடையது. இதில் விந்தை யாதெனில், தென்னையைக் கெடுப்பது வளர்ந்த வண்டேயன்றிப் புழு அன்று. புழு எருக்குழியிலும், மக்கிப்போன தென்னந்தடியிலும் கிடந்து அழுகிய பொருளையே உண்கிறது. தனித்து நோக்கின் அதனை உழவரின் பகை என்று கூறுவதற்கில்லை. வளர்ந்த வண்டோ இரவிற் பறந்து சென்று, விரியாத குருத்தைத் துளைத்துச் சாற்றை உறிஞ்சுகிறது. பின்னர்க் குருத்து விரியும்போது, ஓலைகள் கத்தரியால் நறுக்கியவைபோல் முக்கோண வடிவிற் குறைபட்டுத் தோன்றும். வெட்டு இன்று தெரிந்தாலும் வண்டு வந்து சென்றது பல நாட்களுக்கு முன்பு என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

கூன்வண்டு செம்பழுப்பு நிறமும் நீண்டு வளைந்த மூக்கும் உடையது. இது நாடுவது உயிருள்ள மரத்தையே. மரத்திலுள்ள காயங்களில் பெண் வண்டு முட்டையிடும். புழுக்கள் தண்டின் மென்மையான உட்பகுதியைக் குடைந்து தின்று, நாராற் கூடு கட்டி, அங்கேயே வண்டாக மாறும். தண்டில் சிறு துளைகளும், அவற்றினின்று வடியும் பழுப்பு நீரும், மென்ற நாரும் இதன் அடையாளங்கள். தண்டிற் காதை வைத்துக் கேட்டால் சிலவேளை புழுக்கள் கடிக்கும் ஒலியும் கேட்கும். கொண்டை சாய்ந்த பின் மரத்தைக் காப்பது அரிது.

இவ்விரண்டும் தொடர்பற்றவை அல்ல. காண்டாமிருக வண்டு துளைத்த புண்ணே கூன்வண்டுக்கு வாயிலாகிறது. ஆகவே முதலதனைப் புறக்கணிப்பது இரண்டாவதனை அழைப்பதாகும்.

முதலதனை அதன் பிறப்பிடத்திலேயே தாக்கலாம். எருக்குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்குவதும், மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சாணத்தை எருவிற் கலப்பதும் பயன் தரும். 1963இல் ஹூகர் என்னும் அறிஞர் மலேயாவில் இவ்வண்டைத் தாக்கும் வைரஸ் ஒன்றைக் கண்டார்; 1967 முதல் சமோவாத் தீவுகளில் அதனைப் பரப்பியதால் சேதம் குறைந்தது. கூன்வண்டுக்கோ எருக்குழியைக் கிளறிப் பயனில்லை. மரத்திற் காயம் நேராமற் காப்பதே வழி. ஏறுவதற்குத் தண்டிற் படி வெட்டுதல் கூடாது. பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் அடியில் 120 சென்டிமீட்டர் விட்டே வெட்டவேண்டும். பட்ட மரத்தை உடனே பிளந்து எரித்துவிட வேண்டும்.

மாணவர்க்குக் காட்ட விரும்பும் ஆசிரியர்கள் புழுக்களைக் கொண்டே வேறுபாட்டை விளக்கலாம். எருக்குழிப் புழு வளைந்து கிடக்கும்; அதற்கு மூன்று இணைக் கால்கள் உண்டு. கூன்வண்டின் புழுவுக்குக் கால்களே இல்லை.